வாத்தியார் சம்பளம்: ஊரார் கணக்கும் உண்மைக் கணக்கும்

"வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை" என்று நம்மவர்களிடையே ஒரு பழமொழி உண்டு. அதன் மறுபாதி போலீஸ்காரர்களைப் பற்றியது. அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேறு பிழைப்புக்கு வழியில்லாதவன்தான் பிரம்பைக் கையில் எடுப்பான் என்பது இதன் பொருள். நம் பாட்டனார் காலத்தில் இதைச் சொன்னவர்கள் பரிகாசமாகச் சொன்னாலும் அதில் கொஞ்சம் இரக்கமும் கலந்திருந்தது. இப்போது பழமொழி தலைகீழாகிவிட்டது. "வாத்தியாருக்கென்ன குறைச்சல்? அவர்களுக்குத்தான் இது நல்ல காலம்" என்கிறார்கள். இரக்கம் போய் அந்த இடத்தில் பொறாமை வந்து உட்கார்ந்திருக்கிறது.

சென்ற வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் என் ஒன்றுவிட்ட தமையனார் உட்கார்ந்திருந்தார். பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பாயசம் வந்த சமயத்தில் அவர், "உனக்கென்னப்பா தம்பி! காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடுகிறாய். மே மாதம் முழுதும் வீட்டில் இருக்கிறாய். சம்பளம் மட்டும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வருகிறது" என்றார். பந்தியில் இருந்த நாலு பேர் தலையை ஆட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருந்தது. ஆனால் அது முழு உண்மையல்ல என்பதைப் பாயசம் ஆறுவதற்குள் விளக்கிவிட முடியாதென்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அது நடந்து சில வாரங்களுக்கெல்லாம் எங்கள் ஊரில் சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் தம் மகளுடன் என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் என்னிடம் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்கள் வாங்கியிருந்தாள். சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பது அவளுடைய வெகு நாளைய ஆசை. "ஆசிரியப் பயிற்சியில் சேருகிறேன் என்கிறாள், ஸார். சேர்க்கலாமா? நீங்கள் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும்" என்று கேட்டார் தகப்பனார். பந்தியில் சொல்லாமல் விட்ட பதிலை அன்று திண்ணையில் சொல்லவேண்டியதாயிற்று. அதைத்தான் இங்கே நேயர்களுக்கும் சொல்ல வருகிறேன்.

பதினேழரை ரூபாய்

முதலில் பழங்கதை கொஞ்சம். மகாகவி பாரதியார் 1904-ஆம் வருஷம் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாத காலம் தமிழ்ப் பண்டிதராக வேலை பார்த்தார். அவருக்கு மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். அந்த வருஷ முடிவுக்குள்ளேயே "சுதேசமித்திரன்" பத்திரிகையில் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். தமிழ்நாட்டின் பாக்கியம், அவர் பத்திரிகைக்குப் போனார். ஆனால் அவருக்குப் பின்னும் அதே சம்பளத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நரைத்துப்போன பண்டிதர்கள் எத்தனையோ பேர்! ஒரே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் உபாத்தியாயருக்கு ஒரு சம்பளம், தமிழ்ப் பண்டிதருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்பது அக்காலத்து வழக்கம். ஒரு கூரையின் கீழ் இரண்டு தராசு வைக்கும் இந்த வழக்கத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது மறுபடியும் வரப்போகிறது.

சுதந்திரம் வந்த பிறகும் உபாத்தியாயரின் நிலைமை ஒரே நாளில் மாறிவிடவில்லை. சங்கம் சேர்ந்து, மனுக் கொடுத்து, ஊர்வலம் போய், சிறை சென்று, அங்குலம் அங்குலமாகத்தான் உயர்ந்தது. 1980-களின் இறுதியில் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு மத்திய சர்க்காரின் சம்பள விகிதத்துக்கு ஒப்பான விகிதம் கிடைத்தது. "நல்ல காலம்" என்று என் தமையனார் சொன்னது அதற்குப் பின் வந்த காலத்தைத்தான்.

யாருக்கு எவ்வளவு?

இனி இக்காலத்துக் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டு சர்க்கார் 2017-ஆம் வருஷம் அக்டோபரில் தன் ஊழியர்களின் சம்பளத்தைத் திருத்தி அமைத்தது. அதன்படி ஒவ்வோர் உத்தியோகத்துக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். அகவிலைப்படி எல்லோருக்கும் ஒரே சதவீதமாகையால் ஒப்பிடுவதற்கு அடிப்படைச் சம்பளமே போதும்.

பட்டமும் பி.எட்.டும் பெற்று, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்தும் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாய். எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி.யோடு பி.எட்.டும் முடித்து மேல்நிலை வகுப்புகளை நடத்தும் முதுகலை ஆசிரியருக்கு 36,900. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டருக்கும் அதே 36,900. பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளருக்கு 37,700. சர்க்கார் ஆஸ்பத்திரியின் உதவி மருத்துவருக்கும், துணைக் கலெக்டருக்கும் 56,100. அதே எம்.ஏ. பட்டத்தோடு தேசியத் தகுதித் தேர்வோ ஆராய்ச்சிப் பட்டமோ பெற்றுச் சர்க்கார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆனவருக்கு 57,700.

இந்த வரிசையைப் பார்த்தால் பட்டதாரி ஆசிரியர்களாகிய நாங்கள் வாயைத் திறந்து புலம்ப நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொறியாளருக்கும் எங்களுக்கும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்தான் வித்தியாசம். பெரிய மென்பொருள் கம்பெனிகள் கல்லூரியிலிருந்து புதிதாக எடுக்கும் பட்டதாரிக்குப் பல வருஷங்களாக வருஷத்துக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் சம்பளம் கொடுத்து வந்திருக்கின்றன. பட்டதாரி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் மட்டுமே வருஷத்துக்கு 4,36,800 ரூபாய் ஆகிறது. படி வேறு.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கம்பெனிக்குப் போகிறவன் இருபத்திரண்டாவது வயதில் போகிறான். ஆசிரியப் பட்டம் பெற்றவரோ தகுதித் தேர்வு எழுதி, அதில் தேறி, பின்னர் நியமனத்துக்கென்று போட்டித் தேர்வும் எழுதி, வருஷக் கணக்கில் காத்திருக்கவேண்டும். 2013-ல் தகுதித் தேர்வில் தேறிவிட்டுப் பத்து வருஷம் நியமனத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் உண்டு. அந்தப் பத்து வருஷமும் அவர்கள் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் உழைத்திருப்பார்கள். முப்பத்தெட்டாவது வயதில் கிடைக்கும் சம்பளத்தையும் இருபத்திரண்டாவது வயதில் கிடைக்கும் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்று என்று சொல்லலாமா?

விடுமுறையும் ஓய்வூதியமும்

"சம்பளம் இருக்கட்டும், சலுகைகள்?" என்று கேட்பீர்கள். சலுகைகள் உண்டு. பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத மகப்பேற்று விடுப்புக் கிடைக்கிறது. மருத்துவக் காப்பீடு உண்டு. வேலை நிலையானது. இவையெல்லாம் தனியார் உத்தியோகத்தில் சுலபமாகக் கிடைக்காதவை.

கோடை விடுமுறையும் உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மற்றச் சர்க்கார் ஊழியருக்கு வருஷத்துக்கு முப்பது நாள் ஈட்டிய விடுப்பு என்றால் ஆசிரியருக்குப் பதினேழு நாள்தான். காரணம், விடுமுறை அனுபவிக்கும் வர்க்கத்தார் என்பது. அந்த விடுமுறையிலும் தேர்தல் வந்தால் வாக்குச் சாவடியில் இருப்பவர் யார்? விடைத்தாள் திருத்துகிறவர் யார்? வீடு வீடாகப் போய் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கும் காலத்தில் படியேறி வருபவரும் பெரும்பாலும் உபாத்தியாயர்தான்.

ஓய்வூதியத்தில்தான் பெரிய வித்தியாசம் விழுந்தது. 2003-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிக்கு முன் வேலையில் சேர்ந்தவருக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதியை ஆயுள் முழுதும் ஓய்வூதியமாகத் தரும் பழைய முறை. அதற்காக அவர் சம்பளத்திலிருந்து ஒரு காசும் பிடிப்பதில்லை. அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவரைப் பங்களிப்புத் திட்டத்தில் வைத்தார்கள். மாதந்தோறும் பத்து சதவீதம் அவர் கையிலிருந்தே பிடிக்கப்பட்டது. பாங்கியில் ஓய்வு பெற்ற என் தமையனார் மனத்தில் இருந்த வாத்தியார், முதல் வகையைச் சேர்ந்தவர். இப்போது பள்ளிகளில் இருப்பவர்களில் மிகப் பலர் இரண்டாம் வகை.

சலுகைகளை எப்படிக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த விவாதம் நல்ல உதாரணம். அங்கே பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்றொரு ஆராய்ச்சி ஸ்தாபனம் பொதுப் பள்ளி ஆசிரியர்களின் வாரச் சம்பளத்தை அதே அளவு படித்த மற்றவர்களின் வாரச் சம்பளத்தோடு ஒப்பிட்டு வருகிறது. கோடை விடுமுறை கணக்கைக் கெடுக்காமல் இருக்கவே வாரச் சம்பளம். 1996-ல் ஆசிரியர்கள் 6.1 சதவீதம் குறைவாகப் பெற்றார்கள். 2023-ல் இந்தக் குறைவு 26.6 சதவீதமாகிவிட்டது. ஓய்வூதியம், காப்பீடு முதலிய சலுகைகளைச் சேர்த்தபோது அது 16.7 சதவீதமாகக் குறைந்ததே தவிர மறையவில்லை. ஆனால் ரிச்வைன், பிக்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் இதற்கு நேர் எதிரான முடிவைச் சொன்னார்கள். படிப்பை வைத்து ஒப்பிடாமல் அறிவுத் திறன் சோதனைகளை வைத்து ஒப்பிட்டு, ஓய்வூதியத்துக்கும் வேலை நிலைப்புக்கும் பெரிய மதிப்புப் போட்டு, ஆசிரியர்கள் சந்தை விலையைவிட 52 சதவீதம் அதிகமாகவே பெறுகிறார்கள் என்றார்கள். ஒரே தேசம், ஒரே ஆசிரியர்கள், இரண்டு விடைகள்! "வாத்தியாருக்குச் சம்பளம் அதிகமா, குறைவா?" என்று யாராவது கேட்டால், "எந்த வாத்தியாருக்கு? யாரோடு ஒப்பிட்டு? எதையெதைச் சேர்த்து?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஒரு நாள் வித்தியாசம்

"எந்த வாத்தியாருக்கு?" என்ற கேள்வியைத்தான் நம் நாட்டில் யாரும் கேட்பதில்லை. இதுவரை நான் சொன்னது பெரிய வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவர்களின் கணக்கு. ஒன்றாம் வகுப்பிலே குழந்தையின் கையைப் பிடித்து "அ" எழுத வைக்கிறாரே, அந்த இடைநிலை ஆசிரியரின் கணக்கு வேறு.

அவருடைய தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாய். பன்னிரண்டாம் வகுப்புக்குமேல் இரண்டு வருஷப் பயிற்சி, தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு எல்லாவற்றையும் தாண்டி வந்தவருக்கு இது. பத்தாம் வகுப்புத் தேறித் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுச் சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆகிறவருக்கும் அதே 20,600. இளநிலை உதவியாளருக்கு 19,500. அவர்கள் சம்பளத்தைக் குறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் உழைப்பும் உழைப்புத்தான். ஆனால் அரிச்சுவடி கற்பிக்கும் வித்தைக்கு நாம் போட்டிருக்கும் விலை இது என்பதை அறியவேண்டும். அதே வேலையை மத்திய சர்க்காரின் கேந்திரிய வித்தியாலயத்தில் செய்யும் ஆசிரியருக்குத் தொடக்கச் சம்பளம் 35,400.

முன்பு இப்படி இருக்கவில்லை. 2006-க்கு முன் மத்திய சர்க்காரின் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கும் தமிழ்நாட்டு இடைநிலை ஆசிரியருக்கும் ஒரே விகிதம். 4,500 ரூபாயில் தொடங்கும். அதற்குப் பின் வந்த திருத்தத்தில் மத்திய சர்க்கார் தன் ஆசிரியரை 9,300 ரூபாயில் தொடங்கும் பட்டியில் வைத்து 4,200 ரூபாய் தர ஊதியம் கொடுத்தது. தமிழ்நாட்டிலோ 5,200 ரூபாயில் தொடங்கும் பட்டியில் வைத்து 2,800 ரூபாய் தர ஊதியம் கொடுத்தார்கள். அங்கே பிரிந்த பாதைதான் இன்றைய 35,400-க்கும் 20,600-க்கும் வந்து சேர்ந்தது.

இதிலும் ஒரு விசித்திரம். 2009-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி வரை வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்குப் பழைய 4,500 ரூபாயை 1.86 ஆல் பெருக்கி 8,370 ரூபாய் அடிப்படையாக்கினார்கள். மறுநாள், ஜூன் முதல் தேதி முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய்தான். ஒரே படிப்பு, ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. ஒரு நாள் வித்தியாசத்தில் மாதம் 3,170 ரூபாய் குறைந்தது. பின்னர் "தனி ஊதியம்" என்று 750 ரூபாய் எல்லா இடைநிலை ஆசிரியர்களுக்கும் சேர்த்தார்கள். 2017-ல் அது 2,000 ஆயிற்று. ஆனால் அதே 2017-ல் எல்லோருடைய சம்பளத்தையும் 2.57 ஆல் பெருக்கியபோது பள்ளமும் சேர்ந்து பெருகி எட்டாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. படி உயர உயர அதுவும் உயரும். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று கேட்டு இந்த ஆசிரியர்கள் 2018-லும் 2022-லும் டிசம்பர் மாதக் குளிரில் சென்னையில் குடும்பத்தோடு உண்ணாவிரதம் இருந்தார்கள். பந்தியில் தலையாட்டிய நண்பர்களுக்கு அது எந்த வாத்தியார் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

இவர்களுக்கும் கீழே ஒரு படி உண்டு. ஓவியம், உடற்பயிற்சி, தையல், இசை முதலியவற்றைக் கற்பிக்க 2012-ல் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். அது ஏறி ஏறி 2024-ல் 12,500 ஆயிற்று. 2022-ல் காலியிடங்களை நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தாற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 என்று நிர்ணயித்தார்கள். பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் நிரந்தர ஆசிரியர் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு பெறுவார்.

எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நீண்ட மேஜை. பழைய ஓய்வூதியக்காரர், புதிய திட்டத்தில் சேர்ந்தவர், பகுதிநேர ஆசிரியர் எல்லோரும் அதைச் சுற்றித்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிறோம். சம்பளத் தேதியில் மட்டும் யாரும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மே மாதச் சம்பளமும் தவறாமல் வருகிறது என்றாரே என் தமையனார். எங்கள் மேஜையில் உட்காரும் பகுதிநேர ஓவிய ஆசிரியருக்கு அந்த மாதம் சம்பளமே வந்ததில்லை. சேதுபதி பள்ளிக் காலத்து இரண்டு தராசு போய், இப்போது நாலைந்து தராசு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

சர்க்காரின் பக்கம்

சர்க்காரின் கஷ்டத்தையும் சொல்லவேண்டும். சம்பளமும் ஓய்வூதியமும் மாகாண வருமானத்தில் பெரும் பங்கை விழுங்குகின்றன. அந்தப் பணம் மளிகைக் கடைக்காரரும் கூலிக்காரரும் கொடுக்கும் வரிப் பணம். ஆசிரியர்களின் தொகை மிகப் பெரிது. ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் ஏற்றினால் கஜானாவில் கோடிகள் குறையும். அவர்கள் உண்மையில் பாடம் நடத்துகிறார்களா என்று கேட்கவும் வரி கொடுப்பவருக்கு உரிமை உண்டு. எங்களுள் சிலர் அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க முடியாதவர்களாக இருப்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் மிச்சம் பிடிக்கவேண்டும் என்று தீர்மானித்தபோதெல்லாம் மிகச் சிறு குழந்தையின் ஆசிரியரிடமே மிச்சம் பிடித்தோமே, அது என்ன நியாயம்? அஸ்திவாரம் தோண்டுகிறவனுக்குக் கூலியைக் குறைத்துவிட்டு, மாடி கட்டுகிறவனிடம் வீடு ஏன் ஆடுகிறது என்று கேட்பதுபோல் இருக்கிறது.

திண்ணையில் சொன்ன பதில்

அன்று மளிகைக் கடைக்காரரிடம் இந்தத் தொகைகளையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கடைக்காரர் அல்லவா? மனத்துக்குள்ளேயே கூட்டிக் கழித்துவிட்டார். "அப்படியானால், ஸார், இரண்டு வருஷப் பயிற்சியும் இரண்டு பரீட்சையும் இல்லாமல், ஒரே பரீட்சை எழுதிக் குமாஸ்தா வேலைக்குப் போனால் மாதம் ஆயிரத்து நூறு ரூபாய்தானே குறையும்?" என்றார். நான் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

அந்தப் பெண் அதுவரை பேசாமல் இருந்தவள், "பெரிய வகுப்புக்குச் சொல்லிக் கொடுப்பவர்களைவிட ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஏன் ஸார் இவ்வளவு குறைச்சல்? சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதுதானே கஷ்டம்?" என்று கேட்டாள். இருபது வருஷமாக நான் வகுப்பில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் இப்போது பட்டணத்துக் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். நன்றாகவே படிப்பாள், நல்ல உத்தியோகத்துக்கும் போவாள். அவளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நஷ்டப்பட்டது ஏதோ ஒரு கிராமத்து ஒன்றாம் வகுப்பு. அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கள் இழந்தது யாரை என்று தெரியப் போவதில்லை. அவர்களைப் பெற்றவர்களுக்கும் தெரியாது.

அடுத்த தடவை கல்யாணப் பந்தியில் யாராவது "வாத்தியாருக்கென்ன குறைச்சல்?" என்று சொன்னால், நேயர்கள் தயவுசெய்து "எந்த வாத்தியாருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். தங்கள் வீட்டுக் குழந்தைக்கு முதல் எழுத்தைக் கற்பிப்பவர் என்ன பெறுகிறார் என்று ஒவ்வொரு குடும்பமும் விசாரித்துத் தெரிந்துகொண்டால் அதுவே பெரிய காரியம். ஊரார் கணக்குத் திருந்தினால், சர்க்கார் கணக்கும் என்றைக்காவது திருந்தியே தீரும்.